இருபத்துமூன்றாம் நம்பர் வீட்டில் ஒரு தோல்வி

ராகு காலம் முடிந்துவிட்டதா என்று பார்ப்பதற்காக நாகேஸ்வரன் ஃபோனில் பஞ்சாங்கப் பக்கத்தைத் திறந்தார். பக்கம் திறந்தபோது ராகு காலம் முடிந்திருந்தது.

கொஞ்சம் மிகைதான். அவர் மனைவி காந்திமதியைக் கேட்டால், "முடியறதுக்குக் கால் நிமிஷம் இருக்கறச்சே திறந்தா முடியாம என்ன பண்ணும்?" என்பாள். அவள் கிடக்கட்டும். அந்தப் பக்கம் திறக்க இருபத்தொரு விநாடி ஆயிற்று என்பது மிகையே இல்லை. நாகேஸ்வரன் அளந்து பார்த்தார். அளந்தவர் யார்? முப்பத்துமூன்று வருஷம் அரசாங்கப் புள்ளிவிவர இலாகாவில் இருந்து ஓய்வுபெற்றவர். நெடுமங்காட்டுப் பக்கம் மரத்தடி மரத்தடியாக நின்று தேங்காய் எண்ணியவர். மழை பெய்தால் மற்றவர்கள் குடையைத் தேடுவார்கள். இவர் எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்பார். அப்பேர்ப்பட்டவரை ஒரு பஞ்சாங்கம் இருபத்தொரு விநாடி வாசலில் நிற்க வைத்தால் அவருக்குக் கோபம் வருமா வராதா?

வந்தது. இன்டர்நெட் கம்பெனிக்கு ஃபோன் போட்டார்.

"சார், நாங்கள் புதிய விலாச முறைக்கு மாறிக்கொண்டிருக்கிறோம். மாறும் காலத்தில் சில வாடிக்கையாளர்களுக்குச் சிறு தடங்கல் இருக்கலாம். வெறும் பூஜ்யம் புள்ளி மூன்று சதவீதம் பேருக்குத்தான்."

"அதாவது ஆயிரத்துக்கு மூணு பேர்."

"ஆமாம் சார். மிகக் குறைவு."

"அந்த மூணு பேர் மனுஷா இல்லையா?"

"இந்த உரையாடலுக்கு ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் கொடுக்கிறீர்கள் சார்?"

நாகேஸ்வரன் ஃபோனை வைத்துவிட்டார். சதவீதத்தைச் சொல்லி ஒருவர் வாயை அடைப்பது அவர் தொழில். முப்பத்துமூன்று வருஷம் மந்திரிகளுக்கு அதைச் செய்தவர். அவரிடமே சதவீதம் சொல்கிறார்கள்!

சமாசாரம் இதுதான். இன்டர்நெட்டில் ஒவ்வொரு ஃபோனுக்கும் பெட்டிக்கும் ஒரு விலாசம் வேண்டும். பழைய விலாசங்கள் தீர்ந்துவிட்டன. ஆகையால் நீள நீளமாகப் புது விலாசங்கள் வந்திருக்கின்றன. பழைய ஏற்பாட்டை ஒரே நாளில் மூட முடியாதே; இரண்டும் கொஞ்ச வருஷம் சேர்ந்து ஓடும். ஃபோன் முதலில் புது வழியில் போய்க் கதவைத் தட்டும். திறக்காவிட்டால் பழைய வழிக்குத் திரும்பும். தட்டுவதற்கும் திரும்புவதற்கும் நடுவில்தான் நம்மவருடைய இருபத்தொரு விநாடி மாட்டிக்கொண்டது.

இதை அவர் காந்திமதிக்கு அரை மணி நேரம் விளக்கினார்.

"குழாய் வந்தப்போ கிணத்தை மூடலை நாம. அதானே சொல்றேள்?" என்றாள் அவள்.

"அப்படி இல்லை..." யோசித்துப் பார்த்தார். அப்படித்தான். "ஏறக்குறைய."

"குழாய் காத்தா வந்தா நான் வாளியை எடுத்துண்டு கிணத்தடிக்குப் போயிடுவேன். எத்தனை நேரமா வரலைன்னு குழாயடியில நின்னு எண்ணிண்டு இருக்கமாட்டேன்."

"அதனாலதான் லோகத்துல ஒரு குழாயும் ஒழுங்கா வரமாட்டேங்கறது. எண்ணறதுக்கு ஆள் இல்லை. இனிமே உண்டு!"

இப்படியாக அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், கரமனையில், முப்பத்தெட்டு வீடுகள் கொண்ட அந்த அக்ரஹாரத் தெருவில் தோல்வி அளவெடுப்பு தொடங்கியது. தெருவின் குடியிருப்போர் சங்கத்துக்கு நாகேஸ்வரன்தான் பதினோரு வருஷமாகச் செக்ரட்டரி. போட்டி இல்லாமல் ஜெயித்தவர் என்று அவர் சொல்வார். வேறு யாரும் வேண்டாம் என்று ஓடினார்கள் என்று தெரு சொல்லும். எப்படியானாலும் செக்ரட்டரி செக்ரட்டரிதான். இரண்டு மாசத்துக்கு முன்னால் கம்பெனிக்காரர்கள் ஏதோ பெட்டியை மாற்றுகிறோம் என்று தெருவுக்குள் வந்தபோதே அவர் முதல் சுற்றறிக்கையை விட்டிருந்தார்: "ஓடுகிற சாதனத்தை யாரும் தொட விடக்கூடாது." இப்போது இரண்டாவதும் போயிற்று: "அளவெடுப்பு முடியும்வரை கம்பெனி ஆட்களை எந்த வீட்டுக்குள்ளும் விடக்கூடாது. தடயம் கலைந்துவிடும்."

படிவமும் அச்சடித்தார். இரண்டாயிரம் பிரதி. வீட்டு எண், முயற்சி, தோல்வி, காரணம் என்று நாலு கட்டம். தினம் எட்டு மணிக்கு, ஒரு மணிக்கு, ஐந்து மணிக்கு என்று மூன்று சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு வீட்டிலும் பன்னிரண்டு பக்கங்களைத் திறந்து பார்க்க வேண்டும். பத்து விநாடிக்குள் திறக்காவிட்டால் தோல்வி. படிவத்தில் பெயர் எழுதக்கூடாது, கையெழுத்துக் கூடாது, வீட்டு எண் மட்டும்தான். புள்ளிவிவரம் தருகிறவர் யார் என்பது ரகசியம், இலாகா விதி. ஐம்பது அடி அகலத் தெருவில் யாருக்கு யாரிடம் ரகசியம் என்று கேட்காதீர்கள். விதி விதிதான்.

படிவங்களைக் கொடுப்பதும் வாங்குவதும் காந்திமதியின் பொறுப்பு. பூக்குடலையை எடுத்துக்கொண்டு தினம் மூன்று வேளை தெருவைச் சுற்றினாள்.

அந்த வாரம் முழுக்கப் பதினாலு வீடுகளில் தோல்வி. பதினாலை முப்பத்தெட்டால் வகுத்தார் நாகேஸ்வரன். முப்பத்தாறு புள்ளி எட்டு நாலு! எதிர்வீட்டு ஆனந்தகிருஷ்ணனைக் கூப்பிட்டு நோட்டைக் காட்டினார்.

"கம்பெனி பூஜ்யம் புள்ளி மூணுன்னு பறைஞ்சதில்லையோ?" என்றார் ஆனந்தகிருஷ்ணன்.

"அது அவா நாக்கு சொல்றது. இது நோட்டு சொல்றது. அடுத்த ஞாயித்துக்கிழமை ஏரியா மேனேஜரை சங்கத்துக்கு வரவழைச்சிருக்கேன். எல்லார் முன்னாடியும் மன்னிப்பை எழுத்துல வாங்கலைன்னா செக்ரட்டரி பதவியை ராஜினாமா பண்றேன்."

ஆனந்தகிருஷ்ணன் பதறிப்போனார். அவர்தான் துணைச் செக்ரட்டரி. "ஜெயிச்சிடும் ஓய், ஜெயிச்சிடும்" என்று சொல்லிவிட்டுக் காப்பியைக்கூட முடிக்காமல் கிளம்பினார்.

எல்லாம் நன்றாகவே நடந்தது, ஒரு மேஜையைத் தவிர. அளவெடுப்பு அலுவலகத்துக்காக நாகேஸ்வரன் தம் தேக்கு மேஜையைக் கூடத்துக் கிழக்குச் சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தார். அதன்மேல் லாப்டாப், இரண்டு ஃபோன், ஸ்டாப்வாட்ச், தெருவின் வரைபடம், படிவக் கட்டு. பக்கத்துச் சுவரில் இன்டர்நெட் பெட்டி. தூசி படாமலும் யார் கையும் படாமலும் இருக்க அதன்மேல் ஒரு சிவப்புக் காசித்துண்டு. அந்தக் கிழக்குச் சுவர் இருபத்தொன்பது வருஷமாகக் காந்திமதியின் கொலு நிற்கும் இடம்.

சனிக்கிழமை சாயங்காலம் அவள் வந்து நின்றாள்.

"ஏன்னா, நவராத்திரிக்கு இன்னும் ஒன்பது நாள். படி கட்டணும். மேஜையை எடுக்கறேளா?"

"ஒரு தெருவே தோத்துண்டிருக்கு. உனக்குப் பொம்மை முக்கியமா?"

"பொம்மை எனக்கு முக்கியம். தெரு உங்களுக்கு முக்கியம். மேஜை யாருக்கு முக்கியம்? பின்கட்டுல போட்டுக்கறது."

"இடம் மாறினா அளவு மாறும். நீ படிச்சதில்லை, உனக்குத் தெரியாது."

"பி.எஸ்.ஸி. கணக்கு."

"அது கணக்கு. இது புள்ளிவிவரம்."

"அப்போ மேஜை எப்போதான் நகரும்?"

இந்த இடத்தில் நாகேஸ்வரன் எழுந்து நின்றார். எழுந்து நின்றிருக்கக் கூடாது. உட்கார்ந்துகொண்டே பேசியிருந்தால் இவ்வளவு பெரிய வார்த்தை வந்திருக்காது.

"தொடர்ந்து மூணு சுத்து, முப்பத்தெட்டு ஆத்துலயும் தோல்வி பூஜ்யம்னு என்னிக்கு வரதோ, அன்னிக்கு இந்த மேஜையை நானே தூக்கறேன். படியும் நானே கட்டறேன். ஒன்பது நாள் சுண்டலும் நானே பண்றேன். போருமா?"

"எழுதிக் கொடுங்கோ."

எழுதிக் கொடுத்தார், படிவத்தின் பின்பக்கத்தில். அதில் மட்டும் கையெழுத்தும் போட்டார். அவள் அதை நாலாக மடித்துக் குங்குமப் பரணிக்குள் வைத்தாள்.

மறுநாளே காந்திமதி கொலுவுக்கு அழைக்கக் கிளம்பிவிட்டாள். வழக்கமாக நவராத்திரிக்கு இரண்டு நாள் முன்னால்தான் குங்குமச் சிமிழோடு வீடுவீடாகப் போவாள். இந்த வருஷம் எட்டு நாள் முன்னாலேயே. கூட ஒரு பெண். நாற்பது வயதிருக்கும், பெரிய கைப்பை வைத்திருந்தாள்.

"யாரது?" என்றார் நாகேஸ்வரன்.

"பிரேமா. நாகர்கோவில்காரி. கொலுவுக்கு ஒத்தாசை பண்ண வந்திருக்கா."

காப்பி வந்தது. நாகேஸ்வரன் பிரேமாவை உட்கார வைத்துப் பழைய விலாசம், புது விலாசம், இரண்டு வழி, இருபத்தொரு விநாடி எல்லாவற்றையும் நாற்பது நிமிஷம் விளக்கினார். வரைபடத்தில் எந்தெந்த வீட்டில் தோல்வி என்று பென்சிலால் சுட்டிக் காட்டினார். அந்தப் பெண் கண் கொட்டாமல் கேட்டாள். இரண்டு இடத்தில் குறிப்புக்கூட எடுத்துக்கொண்டாள்.

"அப்பிடியா சாரே? பெட்டி பழசுன்னா புது வழி திறந்த மாதிரி இருந்துட்டுத் திறக்காதோ?"

"அதேதான்! பாரு காந்தி, ஒரு தரம் சொன்னதும் பிடிச்சுண்டுட்டா. உனக்கு இருபத்தொன்பது வருஷமா..."

"போலாம் பிரேமா. மூணாம் நம்பர் மாமி காத்துண்டிருப்பா" என்றாள் காந்திமதி.

திங்கட்கிழமை தோல்வி வீடுகள் பதினொன்று. பதினாலு எப்படிப் பதினொன்று ஆயிற்று? நாகேஸ்வரன் மீசையை முறுக்கிக்கொண்டார். "கம்பெனி பயந்துடுத்து. மேனேஜர் வரதுக்குள்ள சரியாக்கப் பாக்கறான்."

செவ்வாய்க்கிழமை எட்டு. புதன் ஐந்து. மீசையை விட்டுவிட்டார்.

வியாழக்கிழமை அவருடைய சொந்த வீடே ஜெயித்துவிட்டது. பன்னிரண்டு பக்கமும் பொலபொலவென்று திறந்தன. பஞ்சாங்கம் இரண்டு விநாடியில் வந்து நின்றது. ஐயா அதைப் பார்த்த பார்வையைப் பார்த்திருந்தால் பஞ்சாங்கம் பயந்து மூடிக்கொண்டிருக்கும்.

"அநியாயம்!" என்றார். "ஞாயித்துக்கிழமை எதைக் காட்டி மன்னிப்பு கேக்கச் சொல்லுவேன்? தோல்வி எல்லாம் தீர்ந்து போயிண்டிருக்கு!"

"நல்லதுதானே?"

"என்ன நல்லது? சரியாப்போறதுன்னா அதுக்கு ஒரு முறை கிடையாதா? சொல்லாம கொள்ளாமலா சரியாப்போகும்?"

வெள்ளிக்கிழமை காலையில் மிச்சம் ஒரே ஒரு வீடு: பதினொன்று. சாயங்காலச் சுற்றில் அதுவும் போயிற்று.

நாகேஸ்வரன் கதவைச் சாத்திக்கொண்டு வரைபடத்தின்மேல் குனிந்தார். எந்த வீடு எந்த நாளில் சரியாயிற்று என்று நம்பர் போட்டார். காரணம் இல்லாமல் எண் மாறாது. இது அவர் வேதம். மழையா? மழையே இல்லை. கம்பத்திலிருந்து தூரமா? கம்பத்தடி வீடு கடைசியாகச் சரியானவற்றில் ஒன்று. முதலில் தெருவின் வலப்பக்கச் சிறகு, மூன்று, ஐந்து, ஒன்பது, பதினைந்து என்று வரிசையாக. பிறகு தெருக்கோடியில் திரும்பி இடது சிறகு. யாரோ செருப்புப் போட்டுக்கொண்டு நடந்து போன மாதிரி இருந்தது. ஆனால் பதினொன்றாம் நம்பரை மட்டும் தாண்டிப் போயிருக்கிறது. நாலு நாள் கழித்துத் திரும்பி வந்திருக்கிறது. ஏன்?

பதினொன்றாம் நம்பர் வீட்டு நாட்டுப்பெண்ணுக்குப் போன வாரம் குழந்தை பிறந்திருந்தது. விருத்தித் தீட்டு. வெள்ளிக்கிழமை காலையில்தான் தீட்டுக் கழிக்கும் புண்ணியாகவாசனம் ஆயிற்று. தட்டில் பணியாரம்கூட வந்ததே!

பென்சில் கையிலிருந்து நழுவியது. கம்பெனிக்கு ஆயிரம் தெரியலாம். கரமனையில் எந்த வீட்டில் தீட்டு, எந்தக் கிழமை கழிகிறது என்று எந்தக் கம்பெனிக்கும் தெரியாது. தீட்டு வீட்டைத் தாண்டிப் போய், தீட்டுக் கழிந்த அன்றைக்கே சிமிழை எடுத்துக்கொண்டு போகிறவர்கள் தெருவில் ஒரே ஒரு ஜாதி: கொலுவுக்கு அழைக்கிறவர்கள்.

எழுந்து போய்ச் சிவப்புத் துண்டைத் தூக்கிப் பார்த்தார். கறுப்புப் பெட்டி வெள்ளையாக இருந்தது.

"காந்தீ!"

அவள் ஈரக் கையோடு வந்தாள். பின்னாலேயே பிரேமா. கைப்பை திறந்திருந்தது, உள்ளே ஸ்க்ரூடிரைவர், ஒயர், பழைய கறுப்புப் பெட்டி.

"இதை எப்போ மாத்தினே?"

"நேத்து மத்தியானம். நீங்கோ தூங்கறச்சே. ரெண்டேகால்லேர்ந்து மூணு மணி வரைக்கும் நீங்கோ எழுந்துக்க மாட்டேள். அளந்து வெச்சிருக்கேன்."

"இவ யாரு?"

"கம்பெனியில வேலை செய்யுதேன் சாரே" என்றாள் பிரேமா. குரலில் இரண்டு மாசத்து ஆற்றாமை. "பழைய பெட்டிதான் கோளாறு. ஓசியில மாத்திக் குடுக்கச் சொல்லி என்னை அனுப்பினாவ. ரெண்டு மாசமா இந்தத் தெருவுக்கு ஒம்பது மட்டம் வந்தாச்சு. ஒவ்வொரு வீட்டுலயும் ஒரு நோட்டீஸைக் காட்டித் திருப்பி அனுப்பினாவ. கீழ யாரு கையெழுத்துன்னு பாத்தா..."

"போரும்" என்றார் நாகேஸ்வரன்.

"மாமிதான் ஃபோன் போட்டாவ. குங்குமம் எடுத்துட்டு வாறவங்கள யாரும் வெளிய நிறுத்த மாட்டாங்கன்னு சொன்னாவ."

நாகேஸ்வரன் சிவப்புத் துண்டைத் தரையில் போட்டார். "இது மோசடி. தடயத்தை அழிச்சிருக்கே. முப்பத்துமூணு வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு..."

"தோல்வி பூஜ்யம் ஆனா மேஜையை எடுக்கறேன்னு எழுதிக் கொடுத்திருக்கேள். அதுவா ஆகணும்னு எழுதலை" என்றாள் காந்திமதி. குங்குமப் பரணியை எடுத்து வந்து பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

மூன்று சுற்று. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துப் பூஜ்யம் ஒன்று. சனிக்கிழமை எட்டு மணிக்குப் பூக்குடலை வந்தது: முப்பத்தெட்டு படிவம், முப்பத்தெட்டும் பூஜ்யம். மிச்சம் ஒரு மணிச் சுற்று மட்டும்.

அந்த ஐந்து மணி நேரம் ஒரு மனுஷன் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. மேஜை போனால் போகட்டும். சுண்டல்கூடப் பண்ணிவிடலாம். ஆனால் ஏரியா மேனேஜர் வந்து, கைநிறையப் பூஜ்யங்களைப் பார்த்துவிட்டு, "புகார் எங்கே சார்?" என்று சிரிப்பானே! ஆனந்தகிருஷ்ணன் பார்த்துக்கொண்டிருப்பாரே! ஒரு தோல்வி இருந்தால் போதும். ஒன்றே ஒன்று. நாகேஸ்வரன் வாழ்க்கையில் ஒரு தேங்காயைக் கூட்டியோ குறைத்தோ எழுதியவர் இல்லை. ஒரு தடவை கலெக்டரே கேட்டும் மாட்டேன் என்றவர். அந்த நேர்மையைத்தான் ஒன்றே முக்கால் மணிக்கு அவர் தொலைத்தார்.

படிவங்கள் வந்தன. எல்லாம் பூஜ்யம். நோட்டில் ஏற்றிக்கொண்டே வந்தவர் இருபத்துமூன்றுக்கு வந்ததும் நிறுத்தினார். முதல் நாளிலிருந்தே மகா மோசமான வீடு அது. அங்கே ஒன்று மிச்சமிருந்தால் யாருக்குச் சந்தேகம் வரும்? கண்ணை மூடிக்கொண்டு ஒன்று என்று எழுதினார். எழுத்து கோணிக்கொண்டது.

"காந்தீ! வா இங்கே. மேஜை நகராது. ஒரு தோல்வி இருக்கு."

அவள் வந்து பார்த்தாள். "இருபத்திமூணா? படிவத்துல பூஜ்யம்னு இருக்கே?"

"படிவம் வந்தப்புறம் அந்தாத்து விஷ்ணுப்ரியா எனக்கு ஃபோன் பண்ணினா. திருத்திக்கோங்கோ மாமான்னா. அவாத்துக் கூடத்துல உக்காந்துண்டு பஞ்சாங்கத்தைத் திறந்தாளாம். திறக்கலையாம். பாவம், ரொம்ப வருத்தப்பட்டா."

"எத்தனை மணிக்கு?"

"ஒண்ணு இருபது." அவர் விவரம் இல்லாமல் பொய் சொல்லத் தெரியாதவர். "இருபத்தொரு விநாடி ஆச்சாம்."

காந்திமதி நோட்டில் கோணியிருந்த ஒன்றைக் குனிந்து பார்த்தாள். அவள் குனிந்ததைத் தம் ஜெயம் என்று எண்ணிக்கொண்டு நாகேஸ்வரன் குரலை உயர்த்தினார்.

"ஆயிரத்து முந்நூத்து அறுபத்தெட்டு முயற்சியில ஒண்ணு. பூஜ்யம் புள்ளி பூஜ்யம் ஏழு சதவீதம். கம்மிதான், ஒத்துக்கறேன். அதுக்காக விட்டுட முடியுமா? அந்த ஒருத்தர் மனுஷா இல்லையா?"

"மனுஷாதான்" என்றாள் காந்திமதி. "ஆனா ஊர்ல இல்லை."

"என்ன?"

"விஷ்ணுப்ரியா குடும்பத்தோட திருநெல்வேலிக்குப் போய் அஞ்சு நாளாச்சு. மாமனார் சதாபிஷேகம். ஃபோனும் அவளோட போயாச்சு." இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "துளசிக்குத் தண்ணி விட்டுட்டு, என் ஃபோன்ல பன்னண்டு பக்கமும் திறந்து பாத்து, அந்தப் படிவத்தை அஞ்சு நாளா நான்தான் நிரப்பிண்டு வரேன். பேர் எழுதப்படாதுன்னு விதி போட்டேளே, அதான் எழுதலை."

நாகேஸ்வரன் சாவிக்கொத்தைப் பார்த்தார். இருபத்துமூன்று என்று அதில் ஒரு துணித் துண்டு கட்டியிருந்தது. இரண்டு வாரமாக வாசல் தாண்டாமல் தெருவை அளந்தவருக்குத் தெருவில் யார் இருக்கிறார்கள் என்று தெரியவில்லை. முகம் சிவந்தது. முதன்முறையாக அதற்குக் காரணம் கம்பெனி இல்லை.

ஒன்றை அடித்துப் பூஜ்யம் போட்டார். அடித்த இடத்தில், விதிப்படி, சுருக்கொப்பமும் வைத்தார்.

மேஜை கனமான மேஜை. கூடத்திலிருந்து பின்கட்டுக்கு ரேழி வழியாகப் போக முப்பத்தொன்பது அடி. அதையும் அவர் எண்ணினார். எண்ணுவதற்கு வேறு ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் "தோல்வி இல்லாத காரணத்தால்" ரத்தாயிற்று. நடக்காத கூட்டத்தில் மன்னிப்பு எப்படி வாங்குவது, ஆகவே ராஜினாமாவும் இல்லை என்று ஆனந்தகிருஷ்ணன் தீர்ப்புச் சொல்லி நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார். கூட்ட நேரத்தில் நாகேஸ்வரன் ஒன்பது படியையும் கட்டி, வெள்ளை வேஷ்டி விரித்து, மரப்பாச்சியை நேராக நிறுத்தினார். படிகளின் உயரத்தில் இரண்டு மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இல்லை. அதை யாரும் கவனிக்கவில்லை என்பதில் அவருக்கு இன்றைக்கும் வருத்தம்.

முதல் நாள் கொண்டைக்கடலை. ராத்திரியே ஊறப்போட வேண்டும் என்று காந்திமதி ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். அப்புறம் சமையலறைப் பக்கமே வரவில்லை. நாகேஸ்வரன் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு இறங்கினார். கடலை ஒன்றரைக் கிலோ. தண்ணீர் நாலு லிட்டர். தேங்காய் இரண்டு மூடி, வற்றல் மிளகாய் பன்னிரண்டு, கடுகு எட்டு கிராம், உப்பு முப்பது கிராம். ஒவ்வொன்றையும் தராசில் வைத்து, எழுதி, டிக் போட்டார். சமையல் என்று பெண்கள் இத்தனை நாள் பிரமாதப்படுத்தியது இவ்வளவுதானா என்றுகூடத் தோன்றிற்று. தாளித்த வாசனை தெருவுக்கே எட்டியது.

சாயங்காலம் தெருவே வந்தது. பட்டுப்புடவையில் பிரேமாவும் வந்தாள். இந்தத் தடவை கைப்பை சின்னது. காந்திமதி மிச்சமிருந்த படிவங்களைக் கூம்பு கூம்பாகச் சுருட்டி, சுண்டலை நிறைத்து, வெற்றிலை பாக்கோடு கொடுத்தாள். எல்லோரும் வாங்கிக்கொண்டார்கள். ஒரு வாய் போட்டுக்கொண்டார்கள். நாகேஸ்வரனைப் பார்த்து அன்பாகச் சிரித்தார்கள். பேசாமல் வீட்டுக்குப் போனார்கள். இந்தத் தெரு ஒரு விஷயத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்லாமல் போனது சரித்திரத்திலேயே அன்றுதான்.

"எல்லாருக்கும் பிடிச்சிருந்தது போலிருக்கே?" என்றார், தூணில் சாய்ந்துகொண்டு.

காந்திமதி பூக்குடலையைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள். உள்ளே கசங்கின படிவம் ஒன்று. பிரித்த கூம்பு, எண்ணெய்க் கறையோடு. நாலு கட்டமும் ஒழுங்காக நிரப்பியிருந்தது.

வீட்டு எண்: 23. முயற்சி: 1. தோல்வி: 1. காரணம்: உப்பு இல்லை.

நாகேஸ்வரன் நோட்டைப் புரட்டினார். உப்பு முப்பது கிராம், பக்கத்தில் டிக். நோட்டில் போட்டிருந்தார், சுண்டலில் இல்லை.

"இதை அடிக்காம அப்படியே ஏத்திக்கோங்கோ" என்றாள் காந்திமதி. "விஷ்ணுப்ரியா இன்னிக்குக் காலம்பற திரும்பி வந்தாச்சு."